கடலூர் முதல் கோடிக்கரை வரை: காற்றைப் பார்க்கப் போகும் இருவருக்கு

புறப்படுமுன் வீட்டிலேயே ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவரில் யார் கோட்டை பார்க்க வருகிறவர், யார் கடல் பார்க்க வருகிறவர்? எங்கள் வீட்டில் என் கணவர் கோட்டைக் கட்சி. வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். எதற்கும் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். பழைய வரைபடங்களை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுப்பையில் திணித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் முகம் தொங்கிவிட்டது.

"என்னங்க, பிடிக்கலையா?"

"பிடிக்கிறதுக்கு முதல்ல ஏதாவது இருக்கணுமே!"

நியாயமான கோபம்தான். 1746க்கும் 1783க்கும் இடையில், கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதிரே உள்ள கடலில் மட்டும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐந்து தடவை கப்பல்களை வரிசை கட்டி நிறுத்திப் பீரங்கியால் அடித்துக்கொண்டார்கள். அதைச் சொல்லும் பலகை ஒன்றைக்கூட நான்கு நாளில் நாங்கள் பார்க்கவில்லை. கடலில் நடந்த சண்டைக்குக் கரையில் சாட்சி தேடினால் அப்படித்தான். காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது, ஆற்று வாயை மணல் எங்கே அடைத்திருக்கிறது, தோணிகள் ஏன் இந்த இடத்தில் மட்டும் ஒதுங்குகின்றன என்று பார்க்கப் பழகிக்கொண்டால் இதே கரை வேறு மாதிரி தெரியும். அவருக்கு அது பிடிபட மூன்று நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

அடிப்படையான விஷயம் ஒன்றுதான். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. திருகோணமலை மாதிரி மலை வளைத்துக் காக்கும் குடா இங்கே எங்கும் இல்லை. நேர்கோடாக மணல், இடையிடையே ஆற்று முகம், அந்த முகத்திலும் மணல்திட்டு. பாய்மரக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்கில், மசூலாப் படகில், கட்டுமரத்தில் அலை தாண்டி வந்துபோகும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று கிளம்பிவிட்டால் போர்க்கப்பல்கள் எல்லாம் இந்தக் கரையை விட்டு ஓடியாக வேண்டும். ஆங்கிலேயர் பம்பாய்ப் பக்கம் போவார்கள். பிரெஞ்சுக்காரர் மொரீஷியசுக்கோ, 1782இல் போனதுபோல் சுமத்ராவின் அச்சே பக்கமோ போவார்கள். போகாமல் நின்றவர்களுக்கு என்ன ஆகும்? 1749 ஏப்ரலில், வாடைக்காலமே இல்லாத கோடையில் அடித்த புயலில், ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவனின் கொடிக்கப்பலான 'நாமூர்' கடலூருக்குப் பக்கத்தில் முழுகி 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று தளபதி கரையில் இருந்ததால் பிழைத்தார்.

எப்போது போவது என்பதற்கு இங்கிருந்தே பதில் வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். உடம்புக்குச் சுகமான காலம் தை, மாசி. ஆனால் மேலே சொன்ன சண்டைகளில் நான்கு ஜூன் மாதத்திலிருந்து ஆகஸ்டு மாதத்துக்குள் நடந்தவை. அந்தக் காற்றை அந்த மாதத்தில்தான் பார்க்கமுடியும். நாங்கள் ஜூலை முதல் வாரம் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது, அதை மறைக்கவில்லை. இருவரில் ஒருவருக்காவது ரத்த அழுத்தம் இருந்தால் மாசிக்கே போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைகளில் படகுகள் அடுக்கி நிற்கும் அழகைப் பார்க்கலாம், தட்டில் நல்ல மீன் பார்க்கமுடியாது. வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. பயணத்தின் நடு நாள் வெள்ளியாக விழாதபடி கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள், மூன்று இரவு போதும். முதல் இரவு சிதம்பரம், இரண்டாவது தரங்கம்பாடி, மூன்றாவது நாகப்பட்டினம். சொந்தக் கார் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம். இந்த வழியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, ஊரிலிருந்து கடற்கரைக்குத்தான் ஆட்டோ தேவைப்படும். காரில் போகிறவர்கள் புதிய நான்குவழிச் சாலையில் ஏறிவிடாதீர்கள். அது ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. நாம் வருவது ஊர்களுக்காக.

கடலூரில் தேவனாம்பட்டினத்துக்குக் காலையில் ஆறு மணிக்கே போய்விடுங்கள். வெள்ளிக் கடற்கரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுண்டல், குதிரைச் சவாரி எல்லாம் சாயங்காலக் கூட்டத்துக்கு. காலையில் கெடிலம் ஆறு கடலோடு சேரும் இடம் வெறிச்சோடிக் கிடக்கும். அதன் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இதை வாங்கியபோது எல்லை குறித்த முறை வேடிக்கையானது. கோட்டையிலிருந்து நாலாபக்கமும் பீரங்கி சுடுவது, குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு. சென்னையிலிருந்து நன்றாகத் தூரம் பாயும் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்களாம். அப்படி உள்ளே விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. கோட்டையைவிட அந்த ஊர்ப் பெயர்தான் உறுதியாக நிற்கிறது.

சென்னையைப் பிரெஞ்சுக்காரர் 1746இல் பிடித்தபின் ஆறு வருஷம் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுதான். ராபர்ட் கிளைவ் 1756இல் இங்கே கவர்னராக இருந்தார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். "கோட்டை எங்கே?" என்று மூன்று பேரிடம் கேட்டோம், மூவரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். வரைபடத்தை விரித்து நின்றவரை விட்டுவிட்டு நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். 1783 ஜூன் 20 மாலை, கண்ணுக்கு எதிரே அந்த வெளியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டன. ஹியூஸின் மாலுமிகளில் பலர் ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள். சுஃப்ரேனிடம் ஆளே போதாமல் கடலூர்க் காவல்படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் ஜனவரியிலேயே கையெழுத்திட்டிருந்தன. செய்தி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். ஐந்து மாதக் கடிதத் தாமதத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும்.

இதைச் சொன்னதும் அவர் வரைபடத்தை மடித்தார். "தபால் தாமதம்" என்ற சொல் வங்கிக்காரரைத் தொடும்.

பழைய நகரத்துத் துறைமுகத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பரங்கிப்பேட்டைக்குக் கிளம்புங்கள்; முப்பது கிலோமீட்டர் இருக்கும். வெள்ளாறு கடலில் விழும் இடம். 1781 ஜூலை 1இல் ஹைதர் அலி, சர் அயர் கூட்டின் படையிடம் தோற்ற போர் இந்த ஊர்ப் பக்கம் நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் ஆற்றோரத்திலேயே இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதைப் பார்க்க இந்தப் பயணத்தில் இதைவிடத் தோதான இடமில்லை. ஊருக்குள் தம்ரூட் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த பதார்த்தம், இரண்டு நாள் கெடாது. பிச்சாவரம் பக்கத்தில்தான். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். வேலை நாளாக இருந்தால் மட்டும் போங்கள். துடுப்புப் படகையே கேளுங்கள்; மோட்டார் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழையாது.

இரண்டாம் நாள் பூம்புகார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சிலப்பதிகாரக் கலைக்கூடம் நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததுதான். அதைவிட, மெனக்கெட்டு விசாரித்துக்கொண்டு கீழையூர் போய்விடுங்கள். 1960களின் அகழாய்வில் அங்கே செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. படகு கட்டுவதற்கு நட்ட மரத் தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்தது. அந்த மரத்தைச் சோதித்ததில் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. கடல் இன்றைக்கு அங்கிருந்து தள்ளி இருக்கிறது. ஆற்றின் வாய் இடம் மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது. நாங்கள் போனபோது இரண்டு ஆடுகள் மட்டும் இருந்தன.

மதியத்துக்குள் தரங்கம்பாடி வந்துவிடலாம். இங்கே அவசரப்படாதீர்கள். வெயில் தாழும்வரை அறையில் படுத்துவிட்டு நாலரைக்கு வெளியே வாருங்கள். தங்கும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. "கடல் பார்த்த அறை" என்று போனில் சொன்னார்கள் என்று நாங்கள் முன்பணம் கட்டினோம். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். குளியலறை வென்டிலேட்டர் வழியாகக் கட்டிலின் மேல் ஏறி நின்று பார்த்தால் ஒரு விரற்கடை கடல் தெரிந்தது. சண்டை போட்டு வேறு அறை வாங்கினார் அவர். அறையின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

1792இல் கட்டிய நகர வாயில் வழியாகவே ஊருக்குள் நுழையுங்கள், நடந்து. நேரே ராஜ வீதி. வலமும் இடமுமாக 1701ஆம் ஆண்டுச் சீயோன் ஆலயம், சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவர் அங்கேயேதான் அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று கப்பலைவிட்டு இறங்கிய ஜெர்மன்காரர்; தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இங்கே அச்சிட்டு முடித்தவர். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லவருவது கோட்டையைப் பற்றி.

டென்மார்க்குக்காரர்கள் வந்தது தரங்கம்பாடிக்காகவே அல்ல, இலங்கைக்காக. முன்னால் வேவு பார்க்க வந்த 'ஓரேசுந்' என்ற கப்பலை 1619இல் காரைக்காலுக்கு எதிரே போர்த்துகீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். மாலுமிகள் இருவரின் தலையைக் கரையில் கழியில் குத்தி வைத்தார்களாம், பின்னால் வருகிறவர்கள் பார்ப்பதற்கு. கப்பல் தலைவர் ரோலண்ட் கிராப்பே பதின்மூன்று பேரோடு தப்பிக் கரையேறி, பிடிபட்டு, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன்னால் நிறுத்தப்பட்டார். கைதியாகப் போனவர் வியாபாரம் பேசினார். பின்னால் தளபதி ஓவே யெத்தே இலங்கையில் காரியம் பலிக்காமல் இங்கே வந்து சேர, 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய். டான்ஸ்போர்க் கோட்டை அப்படித்தான் எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

கோட்டைக்குள் போய்க் கீழ்த்தளத்து அறைகளில் கையை வைத்துப் பாருங்கள். ஜூலை வெயிலிலும் சுவர் சில்லென்று இருக்கும். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கை வைத்தால் உள்ளங்கை வெள்ளையாகிவிடும். மேல்தளத்துப் பீரங்கித் துரு இதழ் இதழாகப் பிரிந்து காற்றில் உதிர்கிறது. அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுக் கடல் பக்கத்து மேல்தளத்துக்கு வந்து உட்காருங்கள். எனக்குப் பிடித்த கதையை நினைத்துக்கொள்ள அதுதான் இடம். 1640 வாக்கிலிருந்து டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. அங்கே போர், கம்பெனிக்குக் கடன். 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகச் செத்தார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற ஒரு டென்மார்க்குக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கோட்டைக்குப் பொறுப்பானார். வங்கக்கடலில் போகிற கப்பல்களைப் பிடித்துக் காசாக்கினார். நாயக்கருக்குக் குத்தகை கட்டினார். ஊரைச் சுற்றி மதில் கட்டினார். 1669 மே மாதம் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்தது. இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல். இந்த மேல்தளத்திலிருந்து அவர் எத்தனை காலையில் அந்த அடிவானத்தைப் பார்த்திருப்பார்!

வங்கிக்காரர் அன்று இரவு என்னிடம் கேட்டார்: "கணக்கு எழுதாம எப்படி நடத்தினான்?"

1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறின. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். அதில் 1306ஆம் ஆண்டுக் குலசேகர பாண்டியன் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்று எல்லாச் சுற்றுலாத் துண்டறிக்கையும் சொல்வதை ரசியுங்கள், நம்பவேண்டாம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் பாசி. செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். என் வயதில் இதற்கு வெட்கம் கிடையாது.

மூன்றாம் நாள் அதிகாலையிலேயே கிளம்பிக் காரைக்கால் வழியாக நாகூர். காரைக்காலை 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்தார்கள். சுஃப்ரேன் 1782இல் நாகப்பட்டினச் சண்டை முடிந்து ஒதுங்கியது இந்த ஊருக்கு எதிரேதான். அம்மையார் கோயிலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவுக்கு வந்தால் மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. கடலோடிகளின் ஆண்டகை ஷாகுல் ஹமீது. ஓட்டை விழுந்த கப்பலை, இங்கிருந்தபடியே கண்ணாடியை வீசி அடைத்தார் என்று சொல்வார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இவர் பெயரில் நினைவிடங்கள் எழுந்ததற்கு இந்தக் கரையிலிருந்து போன மரைக்காயர் கப்பல்களே காரணம். தெற்கே இருபது கிலோமீட்டருக்குள் வேளாங்கண்ணி. அங்கேயும் கதை அதேதான், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகளை மாதா கரைசேர்த்தாள், அவர்கள் நன்றிக்குக் கோயில் கட்டினார்கள். நடுவில் நாகப்பட்டினத்தில் அதிபத்த நாயனார், தங்க மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட மீனவர். ஆவணியில் இன்றும் அந்த விழாவைக் கடலுக்குள் போய் நடத்துகிறார்கள். துறைமுகம் இல்லாத கரையில் மாலுமிக்குக் கிடைத்த துறைமுகங்கள் இவை என்று தோன்றியது. தர்கா வாசல் பக்கத்தில் இறால் வைத்த வாடா சுடச்சுடப் போடுவார்கள். நாலு வாங்கினால் போதாது.

நாகப்பட்டினத்துக்குப் பத்து மணிக்குள் வந்து, நேரே கடற்கரைக்குப் போங்கள். கோயிலும் மற்றதும் பிறகு. துறையோரத்தில் நிழலாக ஒரு இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வலை பின்னுகிறவர்களிடம் கேட்டால் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே இடம் தருவார்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், தலைக்குத் துண்டு. படகுகளில் கட்டியிருக்கும் கொடித் துணியைப் பாருங்கள். ஜூலைக் காலையில் அது கடலைப் பார்த்துப் பறக்கும். கரையிலிருந்து அடிக்கும் கச்சான்.

1782 ஜூலை 6 காலை இதே காற்றில்தான் ஹியூஸும் சுஃப்ரேனும் ஆளுக்குப் பதினொரு கப்பலோடு பொருதினார்கள். காற்றைப் பின்னால் வைத்திருந்தவர் ஹியூஸ். எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்பது அவர் கையில் இருந்தது. பாய்மரச் சண்டையில் பாதி வெற்றி அதுவே. பதினொரு மணிக்கு முன்னால் பீரங்கிகள் ஆரம்பித்தன. இரண்டு மணி நேரம் வரிசை கலையாமல் அடித்தார்கள். மதியம் பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் காற்று தென்கிழக்கிலிருந்து திடீரென்று திரும்பி அடித்தது. பாய்கள் பின்னுக்கு அறைந்தன. இரண்டு வரிசையும் சிதறி, ஆங்கிலேயக் கப்பலும் பிரெஞ்சுக் கப்பலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எதிரெதிர்த் திசை பார்த்து நின்றன. 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் பயந்து கொடியை இறக்கிவிட்டார். கீழே இருந்த அதிகாரிகள் அதை ஒப்புக்கொள்ளாமல் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்; கொடி மறுபடி ஏறியது. அன்று பிரெஞ்சுப் பக்கம் 178 பேரும் ஆங்கிலேயப் பக்கம் 77 பேரும் இறந்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்றால் இரண்டு பக்கமும் தாங்கள்தான் என்றார்கள். ஆனால் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. டச்சுக்காரரிடமிருந்து முந்திய வருஷம் நவம்பரில்தான் அதைப் பிடித்திருந்தார்கள்.

நாங்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கொடி தொங்கிவிட்டது. காற்றே இல்லை, வேர்த்து வழிந்தது. அவர் கைக்கடிகாரத்தையும் கொடியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை பின்னிய பெரியவரிடம் நான் கேட்டேன், "அண்ணே, காத்து வருமா?"

"கச்சான் செத்துப்போச்சும்மா. கொஞ்சம் பொறுங்க, கடக்காத்து எடுக்கும்." ஊசியிலிருந்து கண் எடுக்கவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு என் முந்தானை முதுகுப் பக்கம் எகிறியது. படகுக் கொடிகள் ஒவ்வொன்றாக ஊர்ப் பக்கம் திரும்பின. தார்ப்பாய் பட்டென்று அடித்துக்கொண்டது. நிமிஷத்துக்குள் எல்லாம். அவர் எழுந்து நின்று பிளாஸ்டிக் உறையிலிருந்த வரைபடத்தின் ஓரத்தில் பேனாவால் "12.40" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

எல்லா நாளும் இப்படித் துல்லியமாக மாறும் என்று சொல்லமாட்டேன். சில நாள் பதினொன்றுக்கே திரும்பும், சில நாள் கச்சான் சாயங்காலம்வரை விடாது. ஒரு மதியம் வீணானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தையில் போகிறவர்களுக்கு வாடையே நாள் முழுக்க வீசும்.

மாலையில் நீலாயதாட்சி கோயில், கலங்கரை விளக்கம், டச்சுக் கல்லறைகள். டச்சுக்காரர் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து இந்த ஊரை எடுத்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையே இங்கே மாற்றினார்கள்; அவர்கள் கோட்டையைத் தேடவேண்டாம். அதேபோல் சூடாமணி விகாரம். ஸ்ரீவிஜய மன்னர் கட்ட, ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்தான். கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்றே பேர் வாங்கிவிட்டன. அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் ராஜராஜன் மகன் ராஜேந்திரன் 1025இல் கப்பல் விட்டான். கொடை கொடுத்த கையும் படை அனுப்பிய கையும் ஒரே வீட்டுக் கை. விகாரத்தோடு சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று 1867வரை நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். இங்கே கிடைத்த புத்தர் படிமங்களைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும். பயணத்துக்கு முன்பே பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, மறுபடி ஓடுகிறது; பாஸ்போர்ட் இருந்து, புறப்படும் நாளையும் விசாரித்துக்கொண்டால் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. அது வேறொரு அத்தியாயம்.

துறையில் நிற்கும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 இந்த ஊர் மனிதர்களுக்கு வரலாறு அல்ல. படம் எடுக்குமுன் கேளுங்கள். சுனாமியைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள், சொல்கிறவர்கள் சொல்வார்கள்.

நான்காம் நாள் வேளாங்கண்ணியைத் தாண்டிக் கோடிக்கரை, ஐம்பது கிலோமீட்டர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் பூங்குழலியின் படகைத் தேடிக்கொண்டு வருவார்கள். குழகர் கோயில் இருக்கிறது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லிவந்த செங்கல் சிதிலம் சுனாமியோடு போய்விட்டது. அலைக்குப் பக்கத்தில் சில துண்டுகள், அவ்வளவுதான். அவரிடம் அதைக் காட்டி, "இதுதாங்க" என்றேன். வரைபடத்தை எடுக்கவே இல்லை. குனிந்து கொஞ்சம் மணலை அள்ளி மேலே போட்டு, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சரணாலயத்தில் வெளிமான்களைக் காலையிலோ வெயில் இறங்கியபிறகோ பாருங்கள். பூநாரைகள் தை, மாசியில்தான். காட்டுக்குள் சாப்பாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது, நாகையிலேயே இட்லி கட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது வேதாரண்யத்தில் உப்பளங்களை ஒட்டிப் போகும் சாலையில் ஐந்து மணிக்கு இருக்குமாறு பார்த்துக்கொண்டால், பாத்திகளில் வெயில் சாய்ந்து விழும். ஜன்னல் பக்கத்து இருக்கை இந்த முறை யாருக்கு என்பதையும் ஏறுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.